பல் பதிந்த பேட்டரி

அண்ணனின் உடலைக் கிடத்தக் கூடத்தில் இடம் வேண்டியிருந்தது. அவள் நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தபோது அண்ணனின் கம்பெனி ஃபோர்மேன் ஒரு பிளாஸ்டிக் பையுடன் உள்ளே வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி இன்னும் வந்து சேரவில்லை.

"பாக்கெட்ல இருந்ததெல்லாம் இதுல இருக்கும்மா" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் பையை மேசைமேல் கவிழ்த்தார். கைக்கடிகாரம், சாவிக்கொத்து, சீப்பு, இரண்டு இருமல் மிட்டாய். கடைசியாக, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் மீட்டர்.

அதைக் கண்டதும் அவள் பிடியிலிருந்த நாற்காலி நழுவித் தரையில் இடித்தது. யாரும் திரும்பவில்லை.

அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "எப்படிண்ணே? நல்லாத்தானே கிளம்பிப் போனாரு?"

"சிலிண்டர் நிரப்புற ரூம்ல வால்வு கசிஞ்சிருக்கு. திரவமா இருக்கற நைட்ரஜன் ஒரு லிட்டர் சிந்தினா எழுநூறு லிட்டர் காத்தா விரிஞ்சிடும். ரூம்ல இருக்கற ஆக்சிஜனை வெளிய தள்ளிடும். வாசனை கிடையாது, கலர் கிடையாது. மூச்சு முட்டுற மாதிரிகூட இருக்காது. ரெண்டு இழுப்பு, அவ்வளவுதான்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன் பெருமையாகச் சொல்வான்: "காத்தை அமுக்கி, ஆறவச்சு, பொசுக்குனு விடுவோம். குளிர்ந்துடும். அந்தக் குளிரை வச்சே அடுத்த காத்தை ஆறவைப்போம். இதையே திரும்பத் திரும்பச் செஞ்சா, கடைசியில காத்து தண்ணி மாதிரி சொட்டும்."

"அப்ப நீங்க காத்துப் பிழியற ஆளா?" என்றாள் அண்ணி. அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குப் பெயர் 'காத்துப்பிழிஞ்சான்'.

ஃபோர்மேன் மீட்டரை மட்டும் தனியே எடுத்தார். "இது என்கிட்ட இருக்கட்டும். ஆக்சிஜன் குறைஞ்சா இது கத்தும். நாளைக்கு இன்ஸ்பெக்டர் பிரிச்சுப் பாப்பாரு. நல்லா இருந்துச்சுன்னா, கத்தியும் இவன் உள்ளேயே நின்னான், தப்பு இவன் மேலன்னு எழுதிடுவாங்க. கெட்டிருந்தா, எப்படிக் கெட்டுச்சுன்னு கேப்பாங்க."

"அது கத்துனா நிக்கிற ஆளா அவரு?"

"எனக்குத் தெரியாதாம்மா? லீவுல இருந்தவனை நான்தானே போன் போட்டு வரச்சொன்னேன்."

அவள் தரையில் இடித்த நாற்காலியை நேராக்கிச் சுவரோரம் தள்ளினாள்.

ஒரு வாரமாக ரிமோட் தகராறு செய்துகொண்டிருந்தது. தட்டினால்தான் டிவி வரும். பேட்டரிகளை எடுத்து அவள் பல்லால் கடித்துப் போட்டால் இன்னும் கொஞ்சம் ஓடும். "எலி மாதிரி கொறிக்காதடி, பல்லு போயிடும்" என்று அண்ணி திட்டுவாள். நேற்று அவள் பார்க்கும் தொடரின் கடைசி நாள். கடித்தும் பயனில்லை. மறுநாள் அண்ணனுக்கு விடுமுறை. மீட்டர் ஆணியில் சும்மா தொங்கியது. அதிலிருந்த, கம்பெனியில் கொடுக்கும் இரண்டு பச்சை பேட்டரிகளை ரிமோட்டுக்கு எடுத்துக்கொண்டு, கடித்தவற்றை மீட்டரில் போட்டு மூடினாள். காலையில் கடை திறந்ததும் புதிது வாங்கி மாற்றிவிடலாம்.

கடை திறக்கும்முன் அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டுப் போன் வந்துவிட்டது. அரைத்தூக்கத்தில், அண்ணன் மீட்டரைப் போட்டுப் பார்க்கும் 'பீப்' சத்தம் அவளுக்கும் கேட்டது. அட, இன்னும் உயிர் இருக்கே என்று நினைத்துப் புரண்டு படுத்தாள்.

வாசலில் ஹாரன் ஒலித்தது. "பாப்பா, இதைப் பிடி. எங்கயும் வச்சிடாத" என்று ஃபோர்மேன் மீட்டரை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் அண்ணியைத் தூக்கி நிறுத்தி வாசலுக்கு நடத்திப் போனார்கள்.

கூடத்தில் அவள் மட்டும். டிவி பக்கத்தில் ரிமோட்.

அதையும் எடுத்துக்கொண்டாள். ரிமோட்டின் மூடியைக் கழற்றினாள். மீட்டரின் மூடி நகம் பட்டதும் திறந்தது. ஒரு சிவப்பு, ஒரு நீலம். இரண்டின் இடுப்பிலும் அவளுடைய முன்பல் பதிந்த பள்ளம். மாற்ற அரை நிமிடம் போதும். யாருக்கும் தெரியாது. மீட்டர் நன்றாக இருந்தது என்று ஆகிவிடும். காதருகே அது கத்தியும் அண்ணன் நின்றான் என்று ஆகிவிடும்.

சிவப்பு கைநழுவிக் கீழே விழுந்து உருண்டது. குனிந்து தேடி எடுத்தாள்.

"மெதுவா... தலைப்பக்கம் தூக்கு. நிலைப்படி, பாத்து!" என்று வாசலில் குரல்கள்.

மூடிகள் மூடிக்கொள்ளும் சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். ரிமோட்டைப் பக்கத்து நாற்காலியில் போட்டாள். உள்ளே வந்த ஃபோர்மேன் கை நீட்டினார். மீட்டரைக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தான் மாட்டினார்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் போய்விட்டார்கள். அவள் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி நடந்து வந்து, நாற்காலி எது என்றுகூடப் பார்க்காமல், கையை ஊன்றி உட்கார்ந்தாள்.

டிவி உயிர்பெற்றது. யாரோ ஒருத்தி பளிச்சென்று சிரித்தபடி சோப்பைப் பற்றிச் சொன்னாள்.

அண்ணி திடுக்கிட்டுக் கைக்கு அடியிலிருந்த ரிமோட்டை எடுத்தாள். தட்டாமல் வந்த டிவியை ஒருமுறை பார்த்தாள். பிறகு ரிமோட்டைத் திருப்பி மூடியைக் கழற்றினாள். உள்ளே இரண்டு பச்சை பேட்டரிகள். சிறு கீறல்கூட இல்லாதவை.

அண்ணி நிமிர்ந்தாள். ஈரத் துணி சொட்டச் சொட்ட அவள் அப்படியே நின்றாள். சோப்புக்காரி பேசிக்கொண்டே இருந்தாள்.

அண்ணி மூடியைப் பொருத்தினாள். டிவியை நோக்கி ரிமோட்டை நீட்டினாள்.

ஒரே அழுத்தில் அணைந்தது.