முதல் பாதி

ஞானராஜின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய அன்றே அவர் மகள் நான்சி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அழுகையெல்லாம் பஸ்ஸிலேயே முடிந்திருந்தது. கொடைரோடு தாண்டும் வரைக்கும் அவள் அழுதாள், அம்மா ஜெயமேரி அழவில்லை. திண்டுக்கல்லில் இறங்கியதும் மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, அப்பா கொரல போன்ல ஏத்திரலாம்" என்றாள்.

அவள் விளக்கியதில் ஜெயமேரிக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். அப்பா பேசுவதைத் துண்டு துண்டாகப் பதிந்து ஒரு ப்ரோகிராமுக்குள் வைத்துப் போனில் போட்டுவிட்டால், அப்புறம் அவர் பட்டனை அழுத்தினால் போதும், அவர் குரலிலேயே போன் பேசும். அப்பாவிடம் இருப்பது ஒரு கம்பெனி போன், திருப்பூரில் வேலை பார்க்கும் தம்பி டோனியிடம் வேறு கம்பெனி, நான்சியிடம் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுத வேண்டியதில்லை. ஒரு தடவை எழுதினால் எல்லாவற்றிலும் ஓடும். அதற்கு வேண்டிய சாமானை ஒரே மூட்டையாகக் கட்டிச் சும்மாவே தருகிறார்களாம். அந்த மூட்டையை முதலில் வீட்டுக் கம்ப்யூட்டரில் இறக்கியாக வேண்டும்.

"எல்லாப் போன்லயும் ஓடுமா?" என்று ஞானராஜ் கேட்டார். குரல் கரகரத்திருந்ததே தவிர இன்னும் எடுப்பாகத்தான் இருந்தது. "நம்ம ஒச்சப்பன் போன்லயுமா? அதுல மணியே அடிக்காதே பாப்பா."

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் அவர் தரகர், ஒச்சப்பன் அங்கே அவர் கூட்டாளி. துண்டுக்கடியில் கையைப் பிடித்து, வாயைத் திறக்காமல், விரலிலேயே விலை பேசி முடிக்கிற தொழில். விலை படிந்துவிட்டால் எதிராளியின் கையை முழுசாக ஒரு அழுத்து. அதோடு சரி, அதற்குமேல் பேச்சில்லை. தொண்டை போனால் போகட்டும், துண்டு இருக்கிறதே என்று சந்தையில் அவரைத் தேற்றினார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். ஜெயமேரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் எதற்கானது என்று அவளுக்குத் தெரியும்.

தினமும் சாயங்காலம் விளக்கைப் போட்டதும் அந்த வீட்டில் செபமாலை. மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியை அவர் சொல்வார்; பின் பாதியை அவளும் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். கல்யாணமான மறுநாளிலிருந்து அப்படித்தான். சண்டை போட்ட நாளில்கூட அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் பாதியைச் சொல்வார், இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பின் பாதியைச் சொல்வாள். பாதி மாலை உருள்வதற்குள் யாருக்குக் கோபம் என்பதே மறந்துபோயிருக்கும்.

தண்ணி வேணும், வலிக்குது, டாக்டரைக் கூப்பிடு என்று நான்சி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். இன்னும் என்னென்ன பதியலாம் என்று அம்மாவையும் கேட்டாள்.

"அதெல்லாம் கையிலயே காட்டிக்கிருவாரு," என்றாள் ஜெயமேரி. "எனக்கு அந்த மொதப் பாதி போதும்."

மூட்டை அவ்வளவு பெரியது. வீட்டு இன்டர்நெட்டில் இறக்கினால் அறுந்து அறுந்து போனது. பேகம்பூர் பக்கம் முகமது பாரூக் நடத்தும் பிரௌசிங் சென்டரில் இறக்கி, சிடியில் போட்டு வாங்கி வந்தாள் நான்சி. பாரூக் காசு வாங்கவில்லையாம். வாத்தியாருக்கு அப்பா முடிச்சுக்கொடுத்த கிடாய் இன்னும் நாக்கிலேயே நிற்குது, அப்பாவைக் கேட்டதாச் சொல்லு என்றாராம். அந்த வாத்தியார் யார் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

முதலில் ஜாவா என்று ஒன்றைப் போட வேண்டும், அதற்கு மேல்தான் இது உட்காரும் என்றாள் நான்சி. அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்புகிற மாதிரி என்று அம்மாவுக்குச் சொன்னாள். அப்படிப் போட்டும் அது உட்காரவில்லை. பாதியில் கரண்ட் போனது ஒரு நாள். மறுநாள், எந்த இடத்தில் ஜாவா இருக்கிறது என்றே தெரியவில்லை என்று அது சொல்லிவிட்டது. இருக்கிற இடத்தைக் கையால் எழுதிக் காட்டியும் அதே பதில். கடைசியில், அதைப் போட்டு வைத்த ஃபோல்டரின் பெயருக்கு நடுவில் ஒரு இடைவெளி இருந்ததுதான் குற்றம் என்று கண்டுபிடித்தாள்.

"நடுவுல செத்த எடம் விட்டா இதுக்குப் புரியாதாம்ப்பா. பேரு முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கிருமாம்."

"மூச்சு விடாமப் பேசணுங்குது," என்றார் ஞானராஜ். "எங்க மாமியாரு மாதிரி."

ஜெயமேரி அவர் தோளில் ஒரு இடி வைத்தாள். எல்லாவற்றையும் அழித்து, இடைவெளி இல்லாத ஒரு பெயரில் மறுபடி ஏற்றியபோதுதான் அது வழிக்கு வந்தது. திரைக்குள்ளேயே ஒரு போன் எழுந்து நின்றது. பட்டன், சின்னத் திரை எல்லாம் இருந்தது, காதில் வைக்கத்தான் முடியாது. நிஜப் போனில் ஏற்றுமுன் இதில் ஓட்டிப் பார்க்கலாம். பரீட்சைக்கு எதையாவது பேசும்மா என்று நான்சி மைக்கை நீட்டினாள். ஜெயமேரிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "சாப்புட வாங்க, வெஞ்சனம் ஆறுது" என்றாள்.

மவுஸால் ஒன்றாம் நம்பர் பட்டனைத் தட்டியதும் திரைப் போன் அவள் குரலில் சாப்பிடக் கூப்பிட்டது. அன்றைக்கே ஞானராஜின் போனிலும் ஏற்றியாயிற்று. அதுவும் கூப்பிட்டது. அவர் ஒன்றாம் நம்பரை அழுத்தி அழுத்தி, சாப்பிட்டுக்கொண்டே சாப்பிட வரச் சொல்லிக் கேட்டார்.

அதிலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. போனுக்குள் போகிற ப்ரோகிராம் இம்புட்டுத்தான் கனக்கலாம் என்று வைத்திருந்தார்கள். அதற்கு மேல் போனால் அப்பாவின் போன் வாங்கிக்கொள்ளாது. செபத்தைக் கொஞ்சம் விரசாகச் சொல்ல முடியுமாப்பா என்று நான்சி கேட்டாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்து ஒரு விலை சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். இன்னொரு விரலைப் பிடித்தார். எனக்கு இது தெரியாதுப்பா என்று அவள் சிரித்தாள். கடைசியில், விரசாகச் சொன்னால் அது செபமாகாது, வேண்டுமானால் பட்டியலிலிருந்து தண்ணி, வலியெல்லாம் எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டாள்.

"சரிப்பா. இப்பச் சொல்லுங்க, பதிஞ்சிருவோம்."

அவர் மைக்கைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"செபத்த ஒத்திகை பாக்கச் சொல்றியா?" என்றார். "பதில் சொல்ல ஆளில்லாம, மாதா படத்துக்கு முன்னால முழங்கால் போடாம, மிசினுக்குச் சொல்லவா?"

நான்சி கெஞ்சினாள். ஒரு தடவைதான், அப்புறம் வேண்டாம் என்றால் அழித்துவிடலாம் என்றாள். சொன்ன செபத்தை அழிக்கிறதாவது என்று அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டது. நான்சி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அவர் சொல்லிவிடுவார்.

ஜெயமேரி, "அவரு சொல்றதும் சரிதான பாப்பா," என்றாள். "வியாழக்கிழமை டோனி வந்துருவான். நாலு பேருமா ஒக்காந்து மாலை சொல்லுவோம். அப்பப் பதிஞ்சுக்க. அதுல ஜீவன் இருக்கும்."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தை. இனி எப்போது போவோமோ, முகத்தைக் காட்டிவிட்டு மத்தியானம் திரும்பிவிடுகிறேன் என்று அவர் விடியுமுன் கிளம்பினார். வாசலில் நின்று, "கதவச் சாத்திக்க, குளுருது," என்றார். அவள் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு நான்சி மைக் வயரை நீட்டி மாதா படத்துக்குக் கீழே நூலால் கட்டினாள். அப்பா சாதாரணமாக முழங்கால் போடுகிற இடத்தில் தானே முழங்கால் போட்டு, பதிகிறதா என்று பார்த்தாள். டோனி திருப்பூரிலிருந்து வந்து இறங்கினான். ஜெயமேரி மைக்குக்குப் பக்கத்தில் சாமந்திப் பூ வைத்தாள்.

மத்தியானம் வந்தது ஒச்சப்பனின் போன்தான். சந்தைப் புழுதியில் அவருக்கு மூச்சு அடைத்துக்கொண்டது. ஆட்டு வண்டியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம் என்றான். இவர்கள் போய்ச் சேர்வதற்குள் கழுத்தில் துளை போட்டு மூச்சு வரவைத்திருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். வாய் அசைந்தது. சத்தம் துளை வழியே காற்றாகப் போய்விட்டது. அப்படியே மதுரைக்கு ஏற்றினார்கள். கழுத்துத் துளையை மூடாமலேயே, அங்கே குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் ஜெயமேரி ஒச்சப்பனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"கடைசியா என்ன பேசுனாருண்ணே?"

அவன் தன் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "பேசல மதினி. எங்கையத்தான் துண்டுக்குள்ள புடிச்சிருந்தாரு. ஒரு கிடாய்க்கு வெல பேசிக்கிட்டிருந்தம். படிஞ்சிருச்சுன்னு ஒரு அழுத்து அழுத்துனாரு. அப்பறம்தான் ஒக்காந்தாரு."

வார்டில் ஞானராஜ் கையைக் காட்டித் தன் போனை வாங்கினார். ஒன்றாம் நம்பரை அழுத்தினார். சாப்புட வாங்க, வெஞ்சனம் ஆறுது என்று ஜெயமேரியின் குரல் ஜெயமேரியைக் கூப்பிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். இவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று டோனி அக்காவிடம் குசுகுசுத்தான். அவன் குரல் அப்பா குரல் மாதிரியே இருக்கிறது என்று கோயிலில் எல்லோரும் சொல்வார்களாம். அவன் சொல்லிப் பதிந்தால் என்ன? நான்சி கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஒரு கோளாறும் இல்லாமல் திரைக்குள் போன் எழுந்து நின்றது. ஜெயமேரி வந்து பின்னால் நின்றாள்.

"அணைச்சிரு பாப்பா," என்றாள்.

"நாந்தாம்மா அன்னைக்கே திட்டிப் பதிஞ்சிருக்கணும்."

"நீ கேட்ட. நாந்தான் வேணாம்ன்னேன்."

நான்சி கம்ப்யூட்டரை அணைத்தாள்.

சாயங்காலம் விளக்கைப் போட்டார்கள். மைக் அங்கேயே கட்டிக் கிடந்தது, பூ வாடியிருந்தது. ஞானராஜ் மெல்ல முழங்கால் போட்டார். சிலுவை அடையாளம் போட்டார். மாலையை எடுத்தார். வீடு காத்துக்கொண்டிருந்தது. கழுத்துத் துளையில் மூச்சு போய் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் தோள் துண்டை எடுத்து ஜெயமேரியின் கைமேல் போட்டார். அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். உதடுகள் அசையத் தொடங்கின. விரசாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் எவ்வளவு நேரம் எடுப்பாரோ அவ்வளவு நேரம் எடுத்தார். எந்த வார்த்தையில் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் பாதி முடிந்த இடத்தில் அவள் கையை முழுசாக ஒரு அழுத்து அழுத்தினார்.

அவள் வாயைத் திறந்தாள். பின் பாதி வரவில்லை.

அவர் காத்திருந்தார். பிறகு, விலைக்கு ஒப்பாமல் நிற்கிறவனின் கையைப் பிடிக்கிற மாதிரி, இன்னும் ஒரு தடவை அழுத்தினார்.