ஒரே தண்டில் இரண்டு இலை

விழிஞ்ஞத்துப் பாறையில் கடலைப் பார்த்துப் படர்ந்திருந்த மூக்கிரட்டையைப் புதிய இனம் என்று நம்பினேன். சாலையோரங்களில் முளைப்பதற்கு இலை அகலம், மெலிது. இதற்கோ விரல்நகம் அளவுதான். தொட்டால் தோல்போலத் தடிப்பு. கட்டுரை தயார். பெயரும் வைத்துவிட்டேன், அம்மாவின் பெயர். அம்மா தாசம்மாள் அதைச் சர்ச்சில் பாதிப்பேரிடம் சொல்லிவிட்டாள்.

ஆய்வகத்தில் எனக்கு இளையவனான வினீத் மட்டும் சிரித்தான். "களியக்காவிளை பார்டர் தாண்டினா உங்க பேச்சே மாறுது ஜெஸ்லின் சேச்சி. அப்போ நீங்களும் ரெண்டு ஸ்பீஷிஸா?"

அவன் வாயை அடைக்கத்தான் ஒரு பாறைச் செடியை வேரோடு பெயர்த்து, கடலைவிட்டுத் தள்ளி ஸ்ரீவராகத்தில் நான் தங்கியிருந்த வீட்டு மாடியில், சாதாரணத் தோட்டமண்ணில் நட்டேன். இரண்டு மாதம் தண்ணீர் விட்டேன். சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டும். புதன்கிழமை காலை தொட்டிமுன் உட்கார்ந்தேன். தண்டின் அடியில் பாறையில் விட்ட இலைகள், அதே நகம், அதே தடிப்பு. மேலே போகப்போக ஒவ்வொன்றும் கொஞ்சம் அகன்று, நுனியில் தெருவோரத்து மூக்கிரட்டை. பூவிலும் காயிலும் முன்பே வித்தியாசம் இல்லை, இலையைத்தான் நம்பியிருந்தேன். உப்புக்காற்றும் பாறையும் செய்த வேலைக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

பிடுங்கி எறிந்தால் யாருக்கும் தெரியாது. வினீத் மறந்தே போயிருப்பான். வெயில் தொட்டிவரை வந்து சேரும்வரை அப்படியே இருந்தேன்.

பிறகு அந்தத் தண்டை வெட்டி, சான்றாக உலர்த்தி வைக்கச் செய்தித்தாளுக்குள் வைத்தேன்.

ஹெர்பேரியத்தில் செடிகளைத் தாளில் ஒட்டும் ராஜமணி அண்ணன் என் பழைய மாதிரியை எடுத்துத் தந்தார். அதில் அம்மாவின் பெயர்ச்சீட்டு.

"இதைக் கிழிச்சிரலாமா அண்ணே?"

"கிழிக்கப்பிடாது. தப்பும் இருக்கணும். புதுச்சீட்டு பக்கத்துல ஒட்டு, தேதி போடு."

பழைய இனத்தின் பெயரையே எழுதி ஒட்டினேன். கட்டுரையை அனுப்பவில்லை. அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்பம் என் பேரு அந்தத் தாளில உண்டுமா?"

"உண்டும்மா. தப்புன்னு பக்கத்துல எழுதியிருக்கு."

"இருக்கட்டு மக்களே. நம்ம வீட்டு ஆடு தின்னுத செடிதானே."