பத்து அங்குலக் காற்று

கல்லடியில், வாவியைப் பார்த்து நிற்கும் விடுதியொன்றின் பியர் நிலவறைக்குள், மூன்றாண்டுகளுக்கு மேலாக ஒரே நாளின் காற்று வீசிக்கொண்டிருக்கிறது. அந்நாள் இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு மார்கழி மாதம் ஒன்பதாம் திகதி, வெள்ளிக்கிழமை. அக்காற்றின் வெப்பநிலை ஏழு பாகை. பத்து அங்குல விட்டமுடைய தகரக் குழாய் வழியாக அது வருகிறது. நனைந்த வைக்கோலின் வாடையும் மாட்டுரோமமும் அதனோடு வருகின்றன. குழாயின் வாய்க்கு வெளியே கையை நீட்டினால் மட்டக்களப்பின் வழமையான வெயில் சுடும். ஒரு சாண் உள்ளே நுழைத்தால் விரல்கள் விறைக்கும். விடுதிக்கு வருவோர், பியர் நன்றாகக் குளிர்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அக்குழாயைப் பொருத்தியவன் உதயரூபன். வாழைச்சேனையில் பிறந்து, துறைமுகத்து ஐஸ் ஆலையில் பதினாறு வருடம் வேலை செய்து, குளிரூட்டல் தொழிலைக் கையாலும் புத்தகத்தாலும் கற்றவன். பெண்ணுக்கே வீடு என்பது மட்டக்களப்பின் வழக்கம். ஆகவே கேதீஸ்வரியைக் கல்யாணம் முடித்ததும் அவன் வெல்லாவெளிக்கு வந்து, அவளுடைய சீதன வீட்டில் குடியிருந்தான். அடுத்த வளவில் மாமனார் கந்தப்போடி இருந்தார். அவருக்கு முப்பத்தேழு மாடுகள் கொண்ட பட்டியொன்று இருந்தது, ஆண் பிள்ளை இல்லை. அதனால் மழைக்காலத்தில் பட்டிக்குக் கை கொடுப்பது மருமகனின் கடமையாயிற்று. கேதீஸ்வரி தையற்காரி. ஊரில் பாதிப் பேருடைய தோளளவும் கழுத்தளவும் அவளுக்கு மனப்பாடம்.

விடுதியின் உரிமையாளர் யசோதினி, சுவிஸ் நாட்டில் இருபத்தைந்து வருடம் மதுக்கடையொன்றை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். அவர் விடுதியைத் திறந்த வருடத்தில் மின்சாரம் நாளொன்றுக்குப் பல மணிநேரம் நின்றது. குளிர்ப்பெட்டிகள் சும்மா நின்றன. பியர் சூடாகி வீணாயிற்று. அவர் உதயரூபனை அழைத்து, சுவிஸ் கடையின் நிலவறைப் படத்தை மேசையில் விரித்தார். வெளிக்காற்றுக் குளிரூட்டல் என்பது, நிலவறையைவிட வெளியே குளிராக இருக்கும் வேளையில் ஒரு விசிறியைக் கொண்டு அக்குளிரை உள்ளே இழுப்பதாகும். அதற்குச் சூரிய மின்தகடு ஒன்று போதும். உதயரூபன், மட்டக்களப்பில் வெளிக்காற்று ஒருநாளும் இருபதுக்குக் கீழே இறங்காது என்றும், பியருக்குப் பன்னிரண்டு பாகை வேண்டும் என்றும் பணிவாகச் சொன்னான். “அங்க பனியில ஏலும் எண்டா இஞ்ச ஏன் ஏலாது? நீங்க அளந்து பாருங்க, மறுகா கதைப்பம்,” என்றார் யசோதினி. அளந்து பார்த்துவிட்டு இயலாது என்று எழுதிக் கொடுப்பதென்ற எண்ணத்துடனேயே அவன் ஒன்பதாம் திகதி வெப்பமானியோடு கல்லடிக்குப் போனான்.

அன்று கடலில் புயல் இருந்தது. சூரியன் எழவில்லை. மழையோடு வடக்கிலிருந்து வந்த காற்றில் மனிதர்களின் பற்கள் அடித்துக்கொண்டன. வெப்பநிலை பத்தொன்பது என்று வானொலி சொன்னது. உதயரூபனின் வெப்பமானியோ ஏழு என்று காட்டியது. அவன் அதனை மூன்று தடவை தட்டிப் பார்த்தான், ஏழாகவே நின்றது. கருவியை நம்பு, காதை நம்பாதே என்று ஐஸ் ஆலையில் படித்தவனாகையால் அவன் கருவியை நம்பினான். தன் தொழிலில் முதல் தடவையாக ஓர் இயலாத காரியம் இயலும் என்று தோன்றிய அந்த வேளையில், காலை ஒன்பது இருபதுக்கு, மாமனாரின் தொலைபேசி அழைப்பு வந்தது. மாடுகள் நடுங்குகின்றன, போர்த்துவதற்குச் சாக்கும் தறப்பாளும் வேண்டும் என்றார் அவர். நாளைக்கு வருவதாக உதயரூபன் சொல்லிவிட்டு, மறுபடியும் வெப்பமானியைப் பார்த்தான்.

மறுநாள் வெல்லாவெளிக்கு அப்பாலுள்ள வயல்வெளியான வட்டையில் முப்பத்தேழு மாடுகளும் ஒரே திசையில் தலைவைத்து இறந்து கிடந்தன. கந்தப்போடி அங்கே இருக்கவில்லை. ஏழு நாள் தேடினார்கள். வாய்க்காலில் அவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் கிடைத்தது. அப்பா கூப்பிட்டாரா என்று கேதீஸ்வரி கேட்டபோது, சிக்னல் இருக்கவில்லை என்று உதயரூபன் சொன்னான். அதன் பிறகு அவனுக்கு வேலை செய்வதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நிலவறையின் வெப்பச் சுமையைக் கணித்தான். உள்ளே பன்னிரண்டு, வெளியே ஏழு, வித்தியாசம் ஐந்து. அதற்குப் பத்து அங்குலக் குழாய் போதும் என்று விடை வந்தது. ஒரு நாளின் அளவை வைத்துக் கணிக்கக் கூடாது, வித்தியாசத்தை ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அப்படிக் கொண்டிருந்தால் குழாய் இருபத்திரண்டு அங்குலமாகியிருக்கும். அவன் பத்து என்று எழுதினான்.

குழாயை வளைத்துக் கொடுத்தவர் காத்தான்குடித் தகரவேலைக்காரர் முனாஸ். “வெளிக்காத்தில பியர் குளிருமா மச்சான்? அப்ப எங்கட சோத்தையும் வெயில்ல வெச்சா ஐஸாகிரும் போல,” என்று சிரித்தார். போகும்போது, “நான் காத்துக்குத்தான் குழாய் அடிச்சுத் தந்தன். பியருக்கில்ல. அந்தப் பாவம் உன்ட தலையில,” என்றும் சொல்லிவைத்தார்.

தை மாதம் பன்னிரண்டாம் திகதி, வெளியே முப்பது பாகை இருக்கையில், உதயரூபன் விசிறியின் ஆளியைப் போட்டான். குழாய்க்குள் இருந்தது, வெளிக்காற்று நிலவறையைவிடக் குளிராக இருந்தாலன்றித் திறவாத தட்டுக்கதவு. திறவாது என்பதை அவன் அறிந்தேயிருந்தான். அது திறந்தது. காற்று வந்தது. மாலைக்குள் நிலவறை பன்னிரண்டு பாகைக்கு இறங்கி அங்கேயே நின்றது. ஒரு கிழமை கழித்து வடிகட்டியைக் கழற்றியபோது அதில் வைக்கோலும் செந்நிற ரோமமும், ஒன்பதாம் திகதியிட்ட பஸ் டிக்கெட்டொன்றும் நனைந்து ஒட்டியிருந்தன. யசோதினி வியப்படையவில்லை, சுவிஸிலும் முதலில் குப்பை வரத்தான் செய்தது என்றார்.

நாள்தோறும் ஒன்பது இருபதுக்குக் குழாய்க்குள் மாமனாரின் குரல் கேட்டது. உதயரூபன் அதனை ஐந்து மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்நேரத்தில் விசிறிக்கு எண்ணெய் போடும் பாவனையில் தானே கீழே நின்றான். ஒருநாள் அவன் காய்ச்சலில் படுத்துவிட, நிலவறை கூட்டும் சீதேவிப்பிள்ளை குரலைக் கேட்டாள். அவளும் வெல்லாவெளிக்காரி, கேட்டவுடன் கண்டுகொண்டாள். பின்னேரம் தையல் மெசினுக்கு முன்னால் வந்து நின்று, “கேதீசு, உன்ட அப்பா கீழ நிண்டு கூப்பிடுறாருகா. சாக்குக் கேக்கிறார்,” என்றாள்.

மறுநாள் கேதீஸ்வரி வந்தாள். காய்ச்சலோடு உதயரூபனும் பின்னால் வந்தான். தொலைபேசியைக் காதில் வைக்காமல், ஒலிபெருக்கியைப் போட்டு உள்ளங்கையில் ஏந்திப் பேசுவது கந்தப்போடியின் பழக்கம். ஆகவே குழாய்க்குள் இரண்டு குரல்களும் கேட்டன.

“மருமகன், மாடெல்லாம் நடுங்குது. சாக்கும் தறப்பாளும் எடுத்துக்கிட்டு வாங்க மனே. கண்டுக்குட்டிகள் தாங்காது.”

“நாளைக்கு வாறன் மாமா. இண்டைக்கு ஒரு அளவு எடுக்கக் கிடக்கு.”

“ஓம் மனே, நீங்க வேலயப் பாருங்க.”

பிறகு மழைச்சத்தம் மட்டும் வந்தது. கேதீஸ்வரி குழாயின் விளிம்பில் விரலை விரித்து வைத்தாள்.

“இது எத்தின அங்குலம்?”

“பத்து.”

“அப்பாட தோள் பதினெட்டு,” என்றாள்.

ஆடி மாதத்தில் உதயரூபன் சுவரை உடைத்து, இருபத்திரண்டு அங்குலக் குழாயைப் பொருத்தினான். மெலிந்த மனிதரொருவர் ஊர்ந்து வரக் கூடிய அகலம் அது. ஆளியைப் போட்டதும் இன்றைய காற்று வந்தது: முப்பத்திரண்டு பாகை, வாவிச் சேற்றின் வாடை, மோட்டார் சைக்கிளின் இரைச்சல். பதினொரு நாள் காத்திருந்தான். ஒன்பது இருபதுக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. பியர் கெட்டது, யசோதினி முகம் திருப்பினார். பன்னிரண்டாம் நாள் பழைய குழாயைத் திரும்பவும் பூட்டினான்; உடனே விரல் விறைக்கும் குளிரும் வைக்கோல் வாடையும் வந்தன. அந்த நாள் பத்து அங்குலத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. அதனை அகலப்படுத்த முடியாது என்று அவன் விளங்கிக்கொண்டான்.

மின்கம்பிகள் இரண்டை மாற்றிப் பூட்டினால் அந்த விசிறி எதிர்த்திசையில் சுழலும். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, குரல் வரும் நேரத்துக்குச் சற்று முன், அவன் அவ்வாறு மாற்றி, உருட்டிக் கட்டிய சாக்கொன்றைக் குழாய்க்குள் விட்டான். சாக்குப் போயிற்று. இரண்டாவது சாக்கு திரும்பி வந்து காலடியில் விழுந்தது. வெள்ளிக்கிழமையில் மட்டும், ஒரு சாக்கு மட்டும் என்பது பின்னர் பல தடவை செய்து பார்த்து உறுதியான விதி. மறுநாள் காலை வெல்லாவெளியில், வெறுமையாய்க் கிடந்த பட்டிக்குள் நனைந்த கன்றொன்று நின்றது. அதன் முதுகில் சாக்குக் கிடந்தது. காதிலே கந்தப்போடியின் குறி இருந்தது. மாடுகளைப் புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்க ஒருவரும் விரும்பவில்லை. கால்நடை வைத்தியர் புதிய தடுப்பூசி அட்டை எழுதிக் கொடுத்தார்.

கிழமைக்கொரு மாடாக முப்பத்தேழு வெள்ளிக்கிழமைகள் கழிந்தன; பட்டி நிறைந்தது. முப்பத்தெட்டாவது சாக்கு அப்பாவுக்கு என்று கேதீஸ்வரி உள்ளே பிளனல் துணி வைத்துத் தைத்தாள். விசிறியின் இரைச்சலுக்கு மேலாக, “அப்பா, இது உங்களுக்கு, நீங்க போத்துங்க,” என்று குழாய்க்குள் கத்தினாள். பின்னர், தூரத்தில் நிற்கும் எவருக்கோ சொல்வது போல, கந்தப்போடியின் குரல் வந்தது. “எனக்கென்னத்துக்கு மனே. சீனித்தம்பிட கண்டுகளும் இஞ்ச நனஞ்சுகிட்டு இரிக்கி.”

அடுத்த நாள், அதே வட்டையில் மாடுகளை இழந்த சீனித்தம்பியின் பட்டியில் கன்றொன்று நின்றது. பிளனல் துணி அதன் கழுத்தைச் சுற்றியிருந்தது. பின்வந்த வெள்ளிகளிலும் அவ்வாறே நடந்தது. அவளும் அவ்வாறே கத்தினாள். கந்தப்போடி எல்லாருடைய மாட்டுக்கும் போர்த்திய பிறகே தனக்குப் போர்த்துபவர். அது ஊரறிந்த விடயம்.

அந்த வட்டையில் அன்று இறந்த மாடுகள் ஆயிரத்து முந்நூற்று அறுபத்துநான்கு. கேதீஸ்வரி அதனைக் கிழமைக்கொன்றாகத் தையல் நாடாவின் பின்புறத்தில் வகுத்துப் பார்த்தாள்: இருபத்தாறு வருடமும் சில கிழமைகளும். அதன் பிறகே அப்பாவின் முறை. அப்போது அவளுக்கு எழுபத்திரண்டு வயதாகும். அப்பாவுக்கு அப்போதும் அறுபத்தெட்டே. பதினெட்டு அங்குலத் தோளளவில் அவள் ஒரு சட்டையைத் தைத்து அலுமாரியில் வைத்திருக்கிறாள், அளவு மாறப்போவதில்லை. கணவனோடு அவள் இப்போது அளவுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறாள். ஒவ்வொரு வெள்ளியும் உதயரூபன் முழங்காலால் அழுத்திச் சாக்கைச் சுருட்டுவான். “பத்துக்குள்ள நிக்குமா?” என்று அவள் கேட்பாள். “நிக்கும்,” என்பான். அதற்குள் ஒன்பது இருபதாகி, நாளைக்கு வருவதாகச் சொல்லும் அவனுடைய குரல் குழாய்க்குள் கேட்கும். இருவரும் அது முடியும்வரை நிற்பார்கள்.

நிலவறைக் கதவில் யசோதினி ஒட்டிய வேலைப் பட்டியலில், வெள்ளிக்கிழமைக்கு எதிரே மூன்று வரிகள் உள்ளன: வடிகட்டி கழுவுதல், விசிறி திருப்புதல், சாக்கு அனுப்புதல். விசிறி திரும்பும் அரை மணிநேரத்தில் பியர் ஒரு பாகை சூடேறி மறுபடி இறங்கிவிடுகிறது. சில வேளைகளில் போத்தலின் கழுத்தில் செந்நிற ரோமமொன்று ஒட்டியிருக்கும். பரிமாறுபவர் அதனைத் துடைத்துவிட்டு மேசைக்குக் கொண்டுபோகிறார்.