போட்டோ எடுக்கிறவள்

பர்னெல் குடும்பத்தில் கல்யாணமோ கருமாதியோ, போட்டோ எடுப்பது வெர்டெல்தான். ஜூலையில் சொந்தபந்தமெல்லாம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பூங்காவில் கூடுவார்கள். எல்லார் உடம்பிலும் ஒரே நிற டி-ஷர்ட் இருக்கும். உருளைக்கிழங்கு சாலட்டை யார் செய்தது என்று விசாரித்த பிறகுதான் வாயில் வைப்பார்கள். அந்தக் கூட்டத்திலும் அவள்தான். "நகருண்ணே, உன் தொப்பை மூணு பேரை மறைக்குது" என்று அண்ணன் எல்வுட்டை அதட்டி எடுப்பாள். வீட்டில் அலமாரி நிறைய ஆல்பம். ஒன்றில்கூட அவள் இல்லை. காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டியவள், வம்பு செய்த குடிகாரர்களைக் காலரைப் பிடித்து இறக்கிவிட்டவள், ஒரு கேமராவுக்குப் பயந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

பயம் சும்மா வரவில்லை. சின்ன வயதில் வகுப்புப் படம் ஒன்று எடுத்தார்கள். அதில் அவள் நின்ற இடத்தில் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன, மற்றதெல்லாம் இருட்டு. எல்வுட் கொஞ்சம் மாநிறம், அந்தத் திமிர் அவனுக்கு. படத்தைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் லைட்டைப் போடுங்கப்பா, வெர்டெலைக் காணோம்" என்றான். சாப்பாட்டு மேசை மொத்தமும் சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள், வேறென்ன செய்வாள்? அன்றிலிருந்து அவள் எங்கே வந்தாலும் அந்த லைட் கேலியும் கூடவே வந்தது. வெளியே கறுப்பு என்று ஒதுக்குகிறவன் ஒரு பக்கம் இருக்கட்டும். கறுப்பர்கள் வீட்டுக்குள்ளேயே அதிகக் கறுப்புக்கு ஒரு படி கீழேதான் இடம் என்றால், அந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

வெர்டெலின் காலமாகிவிட்ட அக்காவின் மகள் நெரிஸா ஓவியக்காரி. பழைய ஐரோப்பிய அரண்மனைப் படங்களில் ராஜா ராணிகள் உட்கார்ந்திருக்கிற அதே தோரணையில் தன் தெருக்காரர்களை வரைகிறவள். அந்தப் பழைய படங்களில் கறுப்பர்கள் இல்லாமலில்லை, ஓரத்தில் பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "தட்டைக் கீழ வச்சிட்டு நடுவுல வந்து உட்காருங்கன்னு சொல்றேன், அவ்வளவுதான்" என்பாள் நெரிஸா. இந்த வருஷம் நகரத்துக் கலைக்கூடம் அவள் படங்களுக்கென்றே தன் கூடங்களை ஒதுக்கியிருந்தது. படியேறியதும் எதிரே தெரிகிற பெரிய சுவர் மட்டும் பாக்கி. அதற்கு வெர்டெல் சித்தியின் படம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

முட்டி வலி, சர்ச் வேலை என்று வெர்டெல் என்னென்னவோ சாக்குச் சொன்னாள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். படம் தனக்குப் பிடிக்கவில்லையென்றால் அது கலைக்கூடத்துக்குப் போகாது, தன் கட்டிலுக்கு அடியில்தான் போகும். அப்படிப் போனால் அந்தப் பெரிய சுவர் காலியாகப் பல்லை இளிக்கும் என்று தெரிந்தும் நெரிஸா கையடித்துக் கொடுத்தாள்.

முதல் நாள் வெர்டெல் ஈஸ்டருக்குப் போடுகிற அகல விளிம்பு மஞ்சள் தொப்பியோடு வந்து, சிம்மாசனம் போன்ற நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தாள். நெரிஸா தூரிகையை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள். சித்தியின் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். வெளுத்த பவுடரைக் கன்னம் நெற்றியெல்லாம் அப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். நெரிஸா ஒரு துண்டை நனைத்துக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள்.

"முகத்தைத் துடைங்க சித்தி. உங்க முகத்துக்குத்தான் பெயின்ட் வாங்கி வச்சிருக்கேன், இந்தப் பவுடருக்கு இல்ல."

"துடைச்சா இருட்டுதான்டி விழும். உனக்குத் தெரியாது."

"அப்படி விழுந்தா என் கை சரியில்லைன்னு அர்த்தம். உங்க முகத்துல ஒரு குறையும் இல்ல."

வெர்டெலுக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்தே போயிருப்பாள். ஆனால் குற்றம் முகத்தில் இல்லை, எடுத்தவன் கையில்தான் என்று இத்தனை வயதுக்கு ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை. துண்டை எடுத்து அழுத்தித் துடைத்தாள். கண்ணையும் சேர்த்துத்தான் துடைக்க வேண்டியிருந்தது.

நெரிஸா வண்ணம் குழைக்கிற தட்டில் கறுப்பே கிடையாது. கருநீலம், கருஞ்சிவப்பு, கொஞ்சம் பச்சை. மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. அந்தக் காலத்து ஓவியர்கள் ராணிகளுக்குக் காட்டின பொறுமையை இந்தப் பேருந்து ஓட்டுநருக்குக் காட்டினாள். வசந்தகாலம் முழுக்க அதிலேயே போயிற்று. முடிந்தபிறகுதான் சித்தியைப் பார்க்க விட்டாள்.

வெர்டெல் விரலை நீட்டிப் படத்தின் கன்னத்தைக் காட்டினாள்.

"என் கன்னத்துல நீலமா இருக்கு?"

"எப்பவும் இருக்கு சித்தி. வெளிச்சம் பட்டா வரும்."

வெர்டெல் கிட்டப் போனாள், தள்ளி நின்றாள், தொப்பி ரிப்பன் கோணல் என்று குறை சொன்னாள். பிறகு, "கட்டிலுக்கு அடியில இது நுழையாதுடி, ரொம்பப் பெருசு" என்றாள். நெரிஸா அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

வெர்டெலுக்கு மட்டும் உள்ளே ஒரு முள் இருந்தது. எல்வுட் வருவான். வந்தால் வாயைத் திறப்பான்.

திறப்பு விழாவன்று குடும்பமே மஞ்சள் டி-ஷர்ட்டில் கலைக்கூடத்துப் படியேறியது. மேலே ஏறியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிர்ச்சுவர் முழுக்க வெர்டெல், நடு நாற்காலியில், யார் வந்தாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்கிற மாதிரி. எல்வுட் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பார்த்தபடியே இருந்தான். வெர்டெல் நேரே அவனிடம் போனாள்.

"என்னண்ணே, லைட்டைப் போடச் சொல்லட்டுமா?"

எல்வுட் அவள் பக்கம் திரும்பவில்லை. "வேணாம் வெர்டெல்" என்றான். "அன்னிக்கும் நீ நல்லாத்தான் தெரிஞ்சே. நான்தான் பொறுக்கிப்பய."

அவள் கையை நீட்டி அவன் டி-ஷர்ட் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

படத்துக்கு முன்னால் குடும்பப் போட்டோ எடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பழக்கதோஷம், வெர்டெல் போனை வாங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். எல்வுட் வந்து அதை அவள் கையிலிருந்து பிடுங்கி, பக்கத்தில் நின்ற கலைக்கூடத்து நிர்வாகி அம்மாளிடம் கொடுத்தான். தங்கையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நட்டநடுவில் நிறுத்தினான்.

நிர்வாகி போனை உயர்த்தினாள். வெர்டெல் தலையிலிருந்த அந்த மஞ்சள் தொப்பியை நேராக்கிக்கொண்டாள், பிறகு பக்கத்தில் வந்து நின்ற எல்வுட்டை முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"நகருண்ணே, உன் தொப்பை என்னை மறைக்குது."