ஒரே ஒரு டிக்

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். அத்தையை எடை மெஷினில் நிற்க வைத்தேன். ஐம்பத்து மூன்று புள்ளி எட்டு. இரண்டு நாளில் மூன்று கிலோ, அத்தனையும் தண்ணீர். அவருடைய அன்றைய பங்கை, முக்கால் லிட்டர், பாட்டிலில் ஊற்றிக் கட்டிலருகே வைத்தேன். காபியும் அதில்தான் சேரும் என்பதால் அரை டம்ளர் மட்டும் கொடுத்தேன். ஏழரைக்குச் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

அத்தை என் மனைவி வினுதாவின் அம்மா. வினுதா ஜூனில் இறந்துவிட்டாள். அதுவரை வாரம் மூன்று தடவை அவள்தான் தன் சிவப்புக் காரில் அம்மாவைத் தீர்த்தஹள்ளிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவாள். பிறகு பக்கத்துத் தோட்டத்து ஜீப் கூட்டிப் போனது. ஜீப்காரர்கள் இந்த வாரம் கொல்லூர் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அதனால் காரின் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்து, சார்ஜ் ஏற்றி வாங்கி, நேற்று மாலை நானே மாட்டினேன். நேற்றே சாவியைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

காரின் கதவைத் திறந்ததும் பூஞ்சை நாற்றம் அடித்தது. பின் சீட்டில் மடித்த குடை கிடந்தது. துணியெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. அதைத் தொடவில்லை. உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

டிக். அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு டயாலிசிஸில் அத்தையின் முறை. நாளை விஜயதசமி, அங்கே விடுமுறை. இன்று விட்டால் இன்னும் இரண்டு நாள். இப்போதே அவரால் படுத்து மூச்சுவிட முடியவில்லை. ஏழு மணி பஸ் போய்விட்டது, அடுத்தது மதியம்தான். ஊரில் இருக்கும் இரண்டு டாக்சிக்காரர்களும் ஆயுத பூஜை முடியாமல் வண்டி எடுக்க மாட்டோம் என்றார்கள். பூஜைக்கு நல்ல நேரம் பதினொன்றே கால்.

மெக்கானிக் மஞ்சப்பாவுக்குப் போன் போட்டேன்.

"மேஷ்ட்ரே, இன்னைக்கு என் ஸ்பேனரெல்லாம் சாமி. நாளைக்குத்தான் மறுபடி ஸ்பேனர். தொட மாட்டேன்."

"தொட வேண்டாம். கேளுங்க போதும். ஸ்டார்ட் ஆகல."

"சாவியைத் திருப்புனா என்ன சொல்லுது? டிக்டிக்டிக்குனு பல்லு தந்தியடிக்குதா, இல்ல ஒரே டிக்கா?"

"ஒரே டிக்."

"ஹெட்லைட்டப் போட்டுட்டுத் திருப்புங்க. மங்குதா?"

திருப்பினேன். எதிர்ச் சுவரில் விழுந்த வெளிச்சம் அப்படியே இருந்தது. "மங்கல."

"அப்போ பேட்டரி நல்லாருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு. நாளைக்கு மதியம் வந்து இறக்கறேன். பேசாம நீங்களும் போய் பூஜை பண்ணுங்க."

போனை வைத்தேன். அவர் மேஷ்ட்ரே என்று கூப்பிடுகிற மாதிரி நான் வாத்தியார்தான், காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறவன். லேபிலிருந்து கொண்டுவந்த மல்டிமீட்டர் அலமாரியில் இருந்தது. எடுத்து வந்தேன். சாவியைத் திருப்ப இன்னொரு ஆள் வேண்டும். அத்தை வீங்கிய காலை இழுத்துக்கொண்டு வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"இந்த சீட்ல நான் உக்காந்ததே இல்ல. என்ன பண்ணணும்?"

"நான் சொல்றப்ப சாவியைத் திருப்புங்க அத்தை. போதும்னா விட்டுடுங்க."

"வண்டி ஓடிடாதே?"

"ஓடுனா நல்லதுதான்."

பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். பேட்டரியின் மைனஸுக்கும் கார் உடம்புக்கும் நடுவில் பூஜ்யம். சரி. மைனஸுக்கும் என்ஜினுக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும். "திருப்புங்க" என்றேன். பதினொன்று காட்டியது. மறுபடி திருப்பச் சொன்னேன். அதே பதினொன்று. வோல்டேஜ் எங்கே தொலைகிறதோ அங்கேதான் கோளாறு. வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போடும் பாடம். ஸ்டார்ட்டர் நல்லாத்தான் இருக்கிறது. என்ஜினையும் உடம்பையும் சேர்க்கும் பின்னல் கம்பியில்தான் கரண்ட் நிற்கிறது.

அந்தக் கம்பியைத் தேடிக் கையை உள்ளே விட்டேன். போல்ட்டின் மேல் கல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பிய்த்தெடுத்தேன். அரை எலுமிச்சம்பழம். காய்ந்து கறுத்திருந்தது. வெட்டிய பக்கத்தில் குங்குமம் இன்னும் சிவப்பாக இருந்தது. போன வருட ஆயுத பூஜை. டயருக்கு எல்லாரும்தான் வைக்கிறார்கள், என்ஜினுக்கு யார் வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வினுதா இதை உள்ளே செருகினாள். எடுக்க மறந்துவிட்டாள். அதன் கீழே போல்ட் பச்சை பூத்து, பின்னல் பாதி அரித்துப் போயிருந்தது.

அத்தை எட்டிப் பார்த்தார். "அவ வேலைதானா?"

"ஆமா."

"திருஷ்டி கழிக்கறேன்னு வண்டியையே கட்டிப் போட்டிருக்கா."

போல்ட்டைக் கழற்றப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். நேற்று பேட்டரியை மாட்டி முடித்ததுமே அத்தை கருவிகள் எல்லாவற்றையும் கழுவி, பாக்கு அரிவாளோடு மணையில் அடுக்கி, குங்குமம் வைத்து, விளக்கேற்றிவிட்டிருந்தார். நாளைக் காலை வரை யாரும் தொடக் கூடாது. பூஜை அறை வாசலில் நின்றேன். மணி எட்டு ஐம்பது.

"அத்தை, ஸ்பேனர் வேணும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. பிறகு உள்ளே போய், குனிந்து, ஸ்பேனரை எடுத்துக் குங்குமத்தை முந்தானையில் துடைத்தார்.

"நீ எடுத்தா உன் பாவம். என் கணக்குல ஏற்கெனவே நிறைய இருக்கு. இதையும் சேத்துக்கறேன். இன்னும் என்ன வேணும்?"

"குறடு."

"சாமிக்கு ஏதாவது மிச்சம் வைப்பியா?" என்றபடி அதையும் கொடுத்தார்.

போல்ட் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. மூன்றாவது தடவை அசைந்தது. உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்தேன். மாட்டி முறுக்கினேன். அத்தை சாவியைத் திருப்பினார். என்ஜின் அரைச் சுற்று முனகி நின்றது. மிச்சமிருந்த இழைகள் போதவில்லை. பழைய பம்ப் மோட்டாரின் தடித்த கேபிளில் இரண்டு முழம் வெட்டி, முனைகளைச் சீவி, நாலாக மடித்து, பின்னலுக்குத் துணையாக அதே போல்ட்களில் சேர்த்து இறுக்கினேன்.

"திருப்புங்க."

பிடித்துக்கொண்டது. அத்தை பயந்து சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். என்ஜின் நிற்கவில்லை.

மஞ்சப்பா கூப்பிட்டார். "என்ன மேஷ்ட்ரே, ஸ்டார்ட்டர்தானே?"

"இல்ல. எலுமிச்சம்பழம்."

"ராத்திரி தூங்குனீங்களா?" என்றார்.

ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். எலுமிச்சை டாஷ்போர்டில் உருண்டுகொண்டிருந்தது. ஆகும்பே சாலையில் ஏறியதும் அத்தை ஜன்னலை இறக்கினார்.

"அவ கடைசியா, அம்மாவப் பாத்துக்கோன்னு சொன்னான்னு எல்லார்கிட்டயும் சொன்னியே."

வளைவில் ஹார்ன் அடித்தேன்.

"அவ அப்படியெல்லாம் பேசமாட்டா. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிஜமா என்ன சொன்னா சுதீ?"

கியரை மாற்றினேன். அன்று கொட்டும் மழை. நாலு நாள் காய்ச்சலோடு வினுதாவை இதே காரில் கூட்டிப் போனேன். ஐ.சி.யூ. கதவுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். அதை அப்படியே அத்தையிடம் சொன்னேன்.

"பின் சீட்ல ஈரக் குடை இருக்கு, எடுத்து விரிச்சு வை. நாத்தம் பிடிச்சுடும்."