பேரரசிக்கு முகம் கொடுத்தவள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. அந்தப் பொய்யைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். மொன்ட்ரியாலுக்கு வந்திறங்கும் எங்கள் ஆட்களுக்கு அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பது என் வேலை. மட்டக்களப்பு றோசலினை அங்கேதான், இரண்டு வருடங்களுக்கு முன்னர், 1986இல் கண்டேன்.

அவளைப் பற்றி நேராக எழுதத் துணிவு வரவில்லை. அதனால் எட்டத்தில் போய்த் தொடங்கினேன்:

"கொன்ஸ்தாந்திநோபிளில் கரடிகளைப் பராமரித்த ஒருவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள். நடுவில் பிறந்தவள் தியடோரா. மேடையில் ஆடிப் பிழைத்தவள், பின்னாளில் பேரரசியாகி..."

(வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த ஊரை நான் கண்டதில்லை. கரடியையும் கிட்ட நின்று பார்த்ததில்லை.)

2

சரி, றோசலினிடமே வருகிறேன்.

அவளுக்கு இருபத்தாறு வயது. மொன்ட்ரியால்-நோர் பகுதியில் நான்கு பெண்களோடு ஒரு வீட்டில் இருந்தாள். கிரேக்கர்களின் தேவாலயம் ஒன்றில் தரை துடைத்தாள். அந்தக் குளிர்காலம் அங்கே ஸ்தாவ்றோஸ் என்ற கிழவர் பக்கச் சுவரில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார். தோழிப்பெண்கள் சூழ தியடோரா நிற்கும் ஓவியம். முகங்களை மட்டும் அவர் உயிருள்ள ஆட்களைப் பார்த்துத்தான் வரைவார். ஒருநாள் றோசலினைக் கூப்பிட்டு, யன்னலோரம் ஒரு மணித்தியாலம் நிற்க முடியுமா என்று கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பும் கூச்சமும் வந்தன. அவளுடைய தகப்பன் கானிவெல்களில் டிக்கெட் கிழித்தவர். அவளும் பதினாறு வயதில் அதே கானிவெல் மேடைகளில் ஆடியிருக்கிறாள். ஊரில் அதைச் சொல்லியே அவளுக்கு வந்த சம்பந்தங்களைக் கலைத்தார்கள். தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கிழவர் தலையாட்டினார். சுவரைக் காட்டி, தியடோராவும் அப்படித்தான், அதனால்தான் கேட்கிறேன் என்றார்.

தினமும் பின்னேரம் போய் நின்றாள். ஒருநாள் தியடோராவின் கதையைக் கேட்டாள். நகரத்தில் கலகம் மூண்டு எரிந்ததாம். தப்பி ஓடக் கப்பல்கள் ஆயத்தமாம். அரசனே கிளம்பிவிட்டானாம். இவள் மட்டும், விரும்பியவர்கள் போங்கள், நான் ஓடமாட்டேன் என்றாளாம்.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் றோசலின் தன் தரிப்பைத் தாண்டி, இரண்டு தரிப்புக்கு அப்பால் இறங்கினாள்.

3

(இங்கே ஒரு அடிக்குறிப்பு வரவேண்டும். அடியில் வைத்தால் யாரும் வாசிக்கமாட்டீர்கள். அதனால் நடுவில் வைக்கிறேன்.)

1985இல் வாழைச்சேனைக்குப் போகிற பஸ்ஸில் றோசலினும், இடது புருவத்தில் தழும்புள்ள தங்கை கிளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சோதனைச் சாவடியில் துவக்கோடு ஏறியவர்கள் கிளியை மட்டும் இறக்கினார்கள். றோசலின் எழும்பவில்லை. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். பஸ் புறப்பட்டது. கிளியைப் பிறகு ஒருவரும் காணவில்லை.

விசாரணையில் அவள், நான் பஸ்ஸில் தனியே வந்தேன் என்றாள். நானும் அதையே பிரெஞ்சில் சொன்னேன். அப்போது எனக்குத் தெரியாது.

என் முதல் பிரதியிலும் கிளி இல்லை. றோசலின் பக்கத்தில் வெறும் இருக்கை. அந்தப் பிரதி நாலாம் பக்கத்துக்கு மேல் நகர மறுத்தது.

4

மூன்றாம் கிழமை ஸ்தாவ்றோஸ் சுவரை மூடியிருந்த துணியை விலக்கினார்.

பேரரசியின் உடுப்பில் றோசலின் நின்றாள். அவளுக்குப் பின்னால் நான்கு தோழிகள். கடைசியில் நின்றவள் மெலிந்த பெண். இடது புருவத்தில் ஒரு தழும்பு. மற்றவர்களின் காலில் மணி பதித்த சப்பாத்துகள். அவளுடைய வலது கால் வெறுங்கால்.

றோசலின் கிட்டப் போய் அந்த முகத்தைப் பார்த்தாள். கிழவர் கடிந்துகொண்டார்.

"உன்னோடு நாளும் வந்து நிற்கிற பிள்ளைதான். ஹீற்றருக்குப் பக்கத்தில் வா என்று எத்தனை தரம் கூப்பிட்டேன், அசையமாட்டாள். இந்தப் பனியில் ஒரு காலில் செருப்பில்லாமல் கூட்டிக்கொண்டு வருகிறாய். ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுக்கக் கூடாதா?"

றோசலின் அங்கிருந்து நேரே என்னிடம் வந்தாள். குளிர்ச்சட்டைகூடப் போட்டிருக்கவில்லை.

"தங்கச்சி கிளிய இறக்கக்குள்ள செருப்பு பஸ்ஸுக்குள்ளயே கழண்டுட்டு அக்கா. நான் காலால அதச் சீற்றுக்குக் கீழ தள்ளிட்டன். கூட வந்த ஆள் எண்டு தெரியப்படாதெண்டு. இத ஒருத்தருக்கும் நான் சொல்லல்ல."

மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். சுவரும் சுண்ணாம்பும் சாயமும்தான். இப்படித்தான் எழுத விரும்புகிறேன். ஆனால் அந்தக் கால்விரல்கள் நீலம் பாரித்திருந்தன. கால் பட்ட இடத்துக்கு நேர் கீழே, தரை ஈரமாக இருந்தது.

5

இரண்டாவது விசாரணைக்கு முன்னர் வழக்கறிஞர் தெளிவாகச் சொன்னார்: முந்திய வாக்குமூலத்தை மாற்றினால் வழக்கே விழுந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். றோசலின் கேட்டுக்கொண்டாள். வாசலில் என் கையைப் பிடித்தாள்.

"இண்டைக்கு நான் சொல்றத அப்படியே சொல்லுங்க அக்கா. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

உள்ளே போய், பஸ்ஸில் தங்கையும் இருந்தாள் என்றாள். வழக்கறிஞர் பேனாவை மூடினார். ஏன் முதலில் மறைத்தாய் என்று அதிகாரி கேட்டார்.

"எழும்பினா என்னையும் இறக்கியிருப்பாங்க. அதான் இருந்தன்."

நான் அதை மொழிபெயர்த்தேன். இரண்டு சின்ன வாக்கியங்கள்தான். எனக்கு நிறைய நேரம் எடுத்தது.

6

வழக்கறிஞர் பயந்ததுபோல வழக்கு விழவில்லை, அவளை ஏற்றுக்கொண்டார்கள். பதினான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கதையை இங்கேயே முடித்திருக்கலாம். வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: கிளியிடமிருந்து ஒரு கடிதம்... (கிழித்துவிட்டேன். அவளுடைய கையெழுத்து எனக்குத் தெரியாது.)

முடிவு இரண்டு: றோசலின் கிளியின் ஆத்துமாவுக்காக ஒரு பூசை சொல்லுவிக்கிறாள். சுவரில் அந்த இடம்... (இதையும்.)

நடந்தது வேறு. நிரந்தர வதிவிடத்துக்கான படிவத்தில் கூடப்பிறந்தவர்களைக் கேட்கிறார்கள். பெயருக்கு எதிரே இரண்டு கட்டங்கள்: உயிருடன், இறந்தவர். றோசலின் இரண்டையும் வெறுமையாக விட்டு அனுப்பினாள். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடியும் வந்தது. இம்முறை, இதுவே கடைசி என்றொரு கடிதத்தோடு.

நேற்று அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று போட்டால் சுவரோரம் வந்து நின்றது யார் என்றாள். இல்லை என்று போட்டால், தானே அவளை இரண்டாம் தரமும் இறக்கிவிட்டதாகாதா என்றாள். பிறகு எழும்பினாள்.

"நீங்க எழுதுற ஆள்தானே அக்கா. நீங்களே போடுங்க."

நான் போடவில்லை. வெள்ளிக்கிழமைக்கிடையில் அனுப்பவேண்டும். பெயர் கிளி, பிறந்தது 1966, முகவரி தெரியாது. மிச்சமெல்லாம் நிரப்பியாகிவிட்டது. கட்டங்கள் இரண்டும் இதோ, உங்களுக்கு நேரே இருக்கின்றன. ஒன்றில் புள்ளடி போடுங்கள்.