மோர்வால் கோபுரம்

கிழக்கு வெளுக்கும் முன்பே லியோந்தீன் பீட் கிழங்கு வயலில் குனிந்துவிட்டாள். நெருங்கி முளைத்த நாற்றைக் குட்டைக் களைக்கொத்தால் கலைத்துக்கொண்டே நகர வேண்டும். ஈரக் களிமண் காலணியைக் கவ்வி இழுத்தது. இடுப்பு மரத்துப்போன பிறகுதான் வலி கொஞ்சம் விட்டது.

வயலுக்கு அப்பால் மோர்வால். என்றோ ஒரு பிரபு போருக்குப் பயந்து, சுற்றிலும் அகழி வெட்டிக் கட்டிய கோட்டை வீடு. இப்போது பண்ணை. பிரபு விருந்துண்ட கூடத்தில் மாடுகள் நின்றன. மூலைக் கோபுரத்தின் மேல்தளத்தில் கோதுமை மூட்டைகள். அதற்குக் கீழே, வைக்கோலில், வேலையாட்களின் படுக்கை.

அந்தக் கோபுரத்திலிருந்துதான் இடி விழுந்ததுபோல் சத்தம் கேட்டது.

எல்லோரும் ஓடினார்கள். மேல்தள உத்திரம் முறிந்து மூட்டைகள் சரிந்து கிடந்தன. அடியில் அவள் புருஷன் ஃபிர்மேன். போலந்திலிருந்து கூலிக்கு வந்த கஸிமிர் வெறுங்கையால் மூட்டைகளைத் தள்ளி அவனை வெளியே இழுத்தான். தொடை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு தெரிந்தது.

முதலாளி வோஷ்ரென் வந்ததும் சிந்திய தானியத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"வண்டி பூட்டச் சொல்லுங்க மொதலாளி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்," என்றாள் லியோந்தீன்.

"குதிரையெல்லாம் வயலுக்கு வேணும். மத்தியானம் பாக்கலாம். குடிச்சிட்டு மேல ஏறியிருப்பான்."

"உத்திரம் உளுத்துப்போச்சுன்னு அவர் சொன்னப்ப, எத்தனையோ சண்டைக்குத் தாங்குனது ஒனக்குத் தாங்காதான்னு சிரிச்சீங்களே."

"வாய மூடு. பிடிக்கலன்னா கெளம்பு. போலந்துக்காரன் எத்தன பேரு வேணும்னாலும் வருவான்."

கஸிமிர் எழுந்தான். கூலியைக் கெடுக்க வந்தவன் என்று உள்ளூர் ஆட்கள் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. "வந்தவன் இங்கதான் நிக்கிறேன் மொதலாளி," என்று சொல்லிவிட்டு லாயத்துக்குப் போய்க் குதிரையை அவிழ்த்தான். தடுக்கப்போன மேஸ்திரியைப் பால்கறக்கும் ஸெலீ மறித்துக்கொண்டாள்.

"பாரிஸ்ல ஆலைத் தொழிலாளிங்க வேலைய நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருக்காங்களாம். நாமளும் உக்காருவோம். கோபுரத்தச் சரிபண்ணாம ஒரு மூட்டை இங்கருந்து போகாது," என்றாள்.

"போலீஸ் வரும்," என்றார் வோஷ்ரென்.

"வரட்டும். எங்க படுக்கிறோம்னு அவங்களும் பாக்கட்டும்."

கஸிமிர் ஓட்டிய வண்டி அகழிப் பாலத்தைத் தாண்டியபோது, பின்னால் வேலையாட்கள் உள்ளிருந்து சாத்திய பெருங்கதவு கிறீச்சிட்டு மூடியது. லியோந்தீன் ஃபிர்மேனின் தலையை மடியில் வைத்திருந்தாள். கால் பிழைக்குமா, ஆளே பிழைப்பானா, தெரியவில்லை. அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

அடுத்த பண்ணையின் வயலில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "என்னாச்சு?" என்று ஒருவன் கத்தினான்.

அன்று காலைவரை நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழகாதவள் வண்டியிலிருந்து குரல் கொடுத்தாள்: "கோபுரத்து உத்திரம் முறிஞ்சு எம் புருஷன் மேல விழுந்துடுச்சு. மோர்வால்ல யாரும் வேலைக்குப் போகல. நீங்க எப்படி?"

கொஞ்சதூரம் போய் அவள் திரும்பிப் பார்த்தாள். களைக்கொத்துகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் வரப்பேறி மோர்வால் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.